கராஜ் ஃப்ரிட்ஜில் நீ வைத்துவிட்டுப் போன புழு டப்பா

என் கண்ணான ஜெயாவுக்கு,

உனக்கு எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபமாகத் தொடங்கினால் அடுத்த வரியிலேயே அழுகை வருகிறது. அழுதுகொண்டு தொடங்கினால் நடுவில் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கேட்டுவிட்டு, உன்மேல் நான் கோபப்படலாமா கூடாதா என்று நீயே சொல். சொல்லமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

உன் காரியம் முடிந்து, உன் அண்ணன் திருச்சிக்குத் திரும்பிப் போய், உன் மகள் மீராவும் படிப்புக்காக வெலிங்டனுக்குப் புறப்பட்ட பிறகு, ஒருநாள் மாலை உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். ராகவன் தம்பி தானாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கமலாக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா? கராஜ் ஃப்ரிட்ஜ்ல ஏதோ உயிரோட இருக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அடடா, டப்பாவை மறந்தே போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பாப்பகுரா போய் வாங்கி வந்தது. மறுநாள் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு புழுவைப் பற்றி யார் நினைத்தார்கள்?

வேலை முடிந்த கையோடு பாட்டனி டவுன்ஸ் கடையிலிருந்து நேராக பிளாட் புஷ்ஷுக்கு வண்டியை விட்டேன். உன் வீட்டுக் கராஜ் திறந்து கிடந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து, அதன் நடுவில் டப்பாவை வைத்து, அதற்கு எதிரே ராகவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளே ப்ளீச் ஊற்றிக் கழுவியிருந்தார். மூக்கில் ஏறியது.

அவர் முதலில், மாவு கெட்டுப் புழு வைத்துவிட்டது என்றுதான் நினைத்தாராம். நீ போன சில நாளிலேயே வீடு இப்படியாகிவிட்டதே என்று வெட்கமாகப் போய்விட்டதாம். யாருக்கும் தெரியாமல் குப்பையில் கொட்டப் போனவர், மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"மூடி பூரா ஊசியால குத்துன ஓட்டைக்கா. உள்ள மரத்தூள். அதுங்க மூச்சு விடணும்னு யாரோ பாத்துப் பாத்துக் குத்தியிருக்காங்க. யாரு இப்படிச் செய்வாங்க?"

நான் யோசிக்கவே இல்லை ஜெயா. யோசிக்க என்ன இருக்கிறது? "நம்ம தூண்டில் புழுதானே தம்பி," என்றேன். "அந்தச் சனிக்கிழமைக்கு ஜெயா வாங்கி வச்சது. அப்படியே நின்னு போச்சு லா."

"எந்தத் தூண்டில்?"

"ஏரியில போடுற தூண்டில்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படிச் சொல்வேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் இல்லை. அதைவிட மோசம். நோயாளியைப் பார்ப்பதுபோல் மிகவும் பரிவாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழமை அவ உங்க வீட்டுக்குத்தானேக்கா வருவா. உங்களுக்கு மனசு சரியில்ல, தனியா விடக்கூடாதுன்னு சொல்லுவா. கூட உக்காந்திருந்துட்டு வரேன்னு போவா."

எனக்கா மனசு சரியில்லை, ஜெயா?

உனக்கு நினைவிருக்கிறதா, இது எப்படித் தொடங்கியது என்று? என் கடைக்கு நீ ஒரு ரைஸ் குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்து, நான் தமிழில் பேசியதும் குக்கரை மறந்து நின்றாயே, அதிலிருந்து நமக்குப் பழக்கம். என் வீட்டுக்காரர் இனி தனக்கும் இந்த ஊருக்கும் ஒத்துவராது என்று என்னை விட்டு எங்கள் ஊர் கிள்ளானுக்கே திரும்பிப் போயிருந்த சமயம் அது. நீ அடிக்கடி வருவாய். பேசுவோம், தேநீர் குடிப்போம், நீ போய்விடுவாய்.

பிறகு ஒரு மதியம் நார்த் ஷோருக்கு ஏதோ பயிற்சிக்குப் போன நீ, புபுக்கே ஏரிக்கரையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் உள்ளங்கையில் ஒரு பிடி புழுவைக் கொட்டி, அதில் ஒன்றைப் பொறுக்கிக் கொக்கியில் மாட்டினாராம். சாயங்காலம் என் சமையலறையில் நின்று அதைச் சொன்னபோது உன் முகம் எப்படியிருந்தது தெரியுமா? "அக்கா, நான் தயிர்சாதத்தை அப்படியே வச்சுட்டேன்," என்றாய். அருவருப்பில் என்று நினைத்தேன். "இல்லக்கா. போய்ப் பக்கத்துல நின்னு பாத்தேன்," என்றாய்.

முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண் நீ. மீன் சாப்பிட்டு வளர்ந்த நான் புழு என்றதும் ஓடினேன். நீதான் இழுத்துக்கொண்டு போனாய். அந்த மனிதர் கிரஹாம்தான் பாப்பகுராவில் தன் வீட்டுப் பின்னால் ஷெட் போட்டுப் புழு வளர்த்து விற்கிறார் என்று தெரிந்ததும், நமக்கு வாங்கும் இடமும் கிடைத்துவிட்டது. அந்த ஷெட்டுக்கு நூறடி தள்ளியே அமோனியா வாடை கண்ணைக் கரிக்கும். நான் காரைவிட்டு இறங்கவே மாட்டேன். நீ உள்ளே போய், கறிகாய் பொறுக்குவதுபோல் பார்த்து வாங்குவாய். துறுதுறுவென்று நெளிய வேண்டும், தோல் விறைப்பாக இருக்க வேண்டும், உள்ளே அது கடைசியாகத் தின்ற தீனி ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால் புதுசு. இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் கார் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குளிரில் பல் கிட்டிக்க வீடு வருவோம்.

முதல் டப்பா என் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. ஈரம் பட்டால் அதுகள் பிளாஸ்டிக் சுவரில் ஏறிவிடும் என்று நமக்கு அப்போது தெரியாது. மறுநாள் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்த நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு சீனத்து அம்மா ஓடி வந்தார். இனி இந்த வீட்டுக்குள் அது வரக்கூடாது என்றேன். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, "சரிக்கா, எங்க கராஜ் ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கறேன். ஆனா தூண்டில் உங்ககிட்ட இருக்கட்டும், எங்க கராஜ்ல இடமில்ல," என்றாய். ராகவன் ஒன்றும் சொல்லமாட்டாரா என்று கேட்டேன். "அவர்கிட்ட சொல்லிட்டேன். மாவுக்குப் பின்னாடி வச்சுக்கோன்னார்," என்றாய்.

எவ்வளவு இயல்பாகச் சொன்னாய்! நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் உன் மூலமாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளிவாக இருந்தால் நூல் மெல்லிசாக இருக்க வேண்டும் என்றார். வடக்குக் காற்று அடித்தால் எதிர்க்கரைக்குப் போகச் சொன்னார். புழுவிலே நாலைந்து பழுப்பாகிக் கூடு கட்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், தூவிவிட்டால் மீன் கூடும் என்றார். கமலாக்காவுக்குக் குளிரும், கழுத்துக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போகச் சொல் என்றார். மீன் கிடைக்காவிட்டால் என்ன, சிரித்துக்கொண்டே வருகிறீர்கள் அல்லவா, அது போதும் என்றார்.

தூண்டில் பிடிக்காத மனிதருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று வியந்திருக்கிறேன். ஏதோ வீடியோ பார்க்கிறார் போல என்று எண்ணிக்கொள்வேன். இப்படி ஒரு புருஷன் வாய்த்தவள் என்று உன்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்திருக்கிறது, இப்போது சொன்னால் என்ன.

அன்றைக்குக் கராஜில் இதையெல்லாம் அவரிடமே சொன்னேன், ஜெயா. என் பேச்சை அவர் நம்பவில்லை என்று தோன்றியதால் சொன்னேன். நீங்கள்தானே தம்பி நூல் மெல்லிசாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள் என்றேன். கேட்டுக்கொண்டே வந்தவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தூண்டில் நூல் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

கோயிலிலும் விசேஷ வீடுகளிலும் என்னைக் கண்டால் ராகவன் ஓரமாக வந்து நின்று, "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்பாரே, நான் முழங்காலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஏறும்போதுதான் வலிக்கிறது, இறங்கும்போது பரவாயில்லை என்று பதில் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? என் தட்டை அவர் வாங்கி வைப்பார். இருட்டும் முன் கிளம்புங்கள் என்று கார் வரை வந்து விடுவார். அத்தனையும் மனசு சரியில்லாதவளுக்குச் செய்த மரியாதையா?

உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் விளையாட்டுக்கு என்னை ஒரு சாக்காக்கி, ஊரார் முன்னால் நோயாளியாக்கிவிட்டுப் போய்விட்டாய் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன்.

ஆனால் பாத்திரம் கழுவி முடித்து உட்காரும்போது வேறொன்று தோன்றும். அந்த முதல் வருஷம் நான் எப்படி இருந்தேன்? லீவு நாளில் திரைச்சீலையைத் திறக்கமாட்டேன். நீ கதவைத் தட்டினால்தான் பல் துலக்குவேன். பசியாறியாச்சா என்று நீ கேட்டால், ஆச்சு என்று பொய் சொல்வேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்குமோ? அப்படியென்றால் நீ ராகவனிடம் சொன்னது பொய்யே இல்லையோ? மீன் பிடிப்பதுதான் சாக்கோ?

அப்படியும் முழுசாக நம்ப முடியவில்லை. ஏனென்றால் ஏரிக்கரையில் அழுதது நீதானே, நான் இல்லையே. மிதவையைப் பார்த்துக்கொண்டே இருப்பாய், கன்னத்தில் வழியும். துடைக்கக்கூட மாட்டாய். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாய். நானும் விட்டுவிடுவேன். உனக்குத் துணையாகத்தான் நான் வருகிறேன் என்றல்லவா இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் இல்லாவிட்டால் இந்தப் பெண் தனியாகப் போய் எதையாவது செய்துகொள்ளுமோ என்று பயந்து, முழங்கால் வலியோடு அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறேன். நம் இருவரில் யாருக்கு யார் துணை போனோம்?

இது ராகவனுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நான் சொல்ல வேண்டுமா? சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?

இந்தக் குழப்பத்தோடு இருந்தபோதுதான், போன சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் உன் வீட்டுக்காரர் வந்து நின்றார். பென்ரோஸ் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே இஸ்திரி போட்ட சட்டை. காலில் மினுங்குகிற ஷூ.

"அங்க கூட்டிட்டுப் போறீங்களாக்கா?" என்றார்.

நான் வேறு பேச்சுப் பேசவில்லை. அலமாரிக்குள்ளிருந்து இரண்டு தூண்டிலையும் எடுத்தேன். பின்பக்க வராந்தாவில் நிழலில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்குமேல் பழுப்பாகிக் கூடு கட்டிவிட்டது. இரண்டு மூன்று ஈயாகி, மூடியைத் திறந்ததும் என் முகத்தில் மோதிப் பறந்தன. மீதி இன்னும் வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. சல்லடையில் போட்டு, செத்ததை நீக்கி, நல்லதைப் புதுத் தவிட்டில் எடுத்துக்கொண்டேன். ராகவன் பக்கத்தில் நின்று கைகட்டிப் பார்த்தார். அவள்தான் இதைச் செய்வாளா என்று கேட்டார். எப்போதும் அவள்தான், நான் இன்றைக்குத்தான் முதல் தடவை தொடுகிறேன் என்றேன். அது உண்மை. நீ இருந்தவரை என் கொக்கியிலும் நீதானே மாட்டிவிடுவாய்.

என் காரில் கடற்பாலம் தாண்டி நார்த் ஷோருக்குப் போனோம். ஏரிக்கரையில் வில்லோ மரத்தடியில் நம் இடத்துக்குப் பக்கத்தில் கிரஹாம் தன் மடக்கு நாற்காலியில் இருந்தார். நம்மைக் காணாமல் நாம் ஊருக்குப் போயிருப்போம் என்று நினைத்தாராம். ஜெயா எங்கே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு ஆங்கிலமே மறந்துவிட்டது. ராகவன்தான், தான் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னார், தெளிவாக, ஒரே வாக்கியத்தில். கிரஹாம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ராகவனின் கையைப் பிடித்தார்.

நீங்கள்தான் அவளுக்கு அந்தத் தூண்டில் முடிச்சைக் கற்றுக்கொடுத்தவர் என்றார் கிரஹாம். நல்ல முடிச்சு, ஒருநாளும் அவிழ்ந்ததில்லை, என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது என்று அவள் பெருமையாகச் சொல்வாள் என்றார்.

ராகவன் நன்றி என்றார். வேறென்ன சொல்வார்? கொஞ்சம் தள்ளிப் போய், ஷூவோடு அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

"நான் அவளுக்கு எந்த முடிச்சும் கத்துக்குடுக்கலக்கா," என்றார் தமிழில். "அவ எனக்குப் பதிலா வேற ஒரு ஆளைச் செஞ்சு வச்சிருந்திருக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை அவனோட இருந்திருக்கா."

ஜெயா, நீ இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனதும் நல்லதுதான்.

நான் தூண்டிலை எடுத்துப் பொருத்தினேன். அவர் டப்பாவுக்குள் கையை விட்டார். முதல் புழுவை நடுவில் குத்தியதில் அது நசுங்கி விரலெல்லாம் ஒட்டியது. கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். புல்லில் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். தட்டையான முனையில் இரண்டு புள்ளி இருக்கும், பலரும் அதைக் கண் என்பார்கள், அது கண் இல்லை, மூச்சு விடுகிற வாசல், அந்தப் பக்கத்துத் தோலை மட்டும் லேசாகக் கோக்க வேண்டும், அப்போதுதான் அது உயிரோடு ஆடும் என்று நீ எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உன் குரலாக இருந்தது. அவரும் அதைக் கவனித்திருப்பார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, சரியாகக் கோத்துவிட்டார்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. நான் ஒரு பிடி பழுப்புக் கூடுகளைத் தண்ணீரில் தூவினேன். வெயில் ஏறியது. வாத்துகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. திடீரென்று மிதவை சாய்ந்து, மெதுவாக உள்ளே போனது. தூக்குங்கள் என்றேன். கோல் வளைந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மீன் இழுத்த பக்கமெல்லாம் ஷூவோடு தண்ணீரில் இறங்கிப் போனார். கிரஹாம் வலையோடு ஓடி வந்தார். டென்ச் மீன் அது. பச்சையும் பொன்னும் கலந்த வழவழப்பு, சின்னச் சிவப்புக் கண். நல்ல கனம்.

அவளாக இருந்தால் இதை எப்படி விடுவாள் என்று ராகவன் கேட்டார். கையை நனைத்துக்கொண்டு, கொக்கியைப் பின்பக்கமாகக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே வயிற்றைத் தாங்கிப் பிடித்திருப்பாள், அதுவாகப் போகும்வரை கையை எடுக்கமாட்டாள் என்றேன். அவர் அப்படியே செய்தார். சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. மீன் கொஞ்சநேரம் அவர் உள்ளங்கையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிறகு வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிப் போய்விட்டது. அவர் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார்.

"இது பிடிச்சிருக்குன்னு என்கிட்ட சொல்லியிருந்தா, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

என்னைக் கேட்டாரா, உன்னைக் கேட்டாரா தெரியவில்லை.  கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே அவரே, "சொல்லியிருப்பேன்," என்றார்.

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். அவர் நனைந்த ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். வழியில் மவுண்ட் வெலிங்டன் பகுதியைத் தாண்டும்போது, பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டார்:

"வேற என்னெல்லாம் சொன்னேன் நான்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். காற்றைப் பற்றிச் சொன்னது, கூட்டைத் தூவச் சொன்னது, மழை வரும் போலிருக்கிறது சீக்கிரம் திரும்பி வா என்று சொன்னது, பெரிய மீனைத் தவறவிட்டு நீ சோர்ந்து போன வாரம், அது இன்னும் ஏரியில்தானே இருக்கிறது என்று சொன்னது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். தான் சொன்னது சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல் ஆட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் நானும் வரேன்னு சொன்னீங்க தம்பி," என்றேன். "ஒவ்வொரு வாரமும் சொல்லுவீங்களாம்."

நீ அப்படிச் சொன்னதே இல்லை, ஜெயா. ஒரு வாரம்கூடச் சொன்னதில்லை. அது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவரைச் சமாதானப்படுத்தவா? உன்னைக் காப்பாற்றவா? இல்லை, அப்படி ஒரு ராகவனோடுதானே நானும் இத்தனை வருஷம் பழகியிருக்கிறேன், அவர் அதைச் சொல்லியிருக்கக்கூடியவர்தான் என்று எனக்கும் தோன்றிவிட்டதா?

நாங்கள் ஹைவேயிலிருந்து திரும்ப வேண்டிய எக்ஸிட் வந்தது. நான் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன்.  மனுகாவ் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தோம். உன் வீட்டு வாசலில் இறங்கும்போது, கையில் ஷூவோடு குனிந்து, "அப்ப அடுத்த வாரமும் வரேன்க்கா," என்றார்.

இப்போது சொல், நீயும் இப்படித்தான் தொடங்கினாயா? அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருக்குமே என்று உனக்குள் தோன்றிய ஒன்றை என்னிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாயா? நான் நம்பியதும் அது நிஜம்போல் ஆகிவிட்டதா? என்னைப் பற்றி அவரிடம் சொன்னதும் அப்படித்தானா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கும் என்ற நம்பிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. கோபம் மட்டும் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். காரில் நான் சொன்னது நீ சொன்னதுதானா என்று அவர் என்னைக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுவேன். இரண்டாவது தடவை பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்காதவரை நானாக வாயைத் திறக்கமாட்டேன். நீ அழுததைப் பற்றியும் அப்படியே. எனக்குத் தெரிந்தவரை, அவர் கேட்கப்போகிறவர் இல்லை.

நான் உனக்கு யார் என்று நீ என்ன பெயர் வைத்திருந்தாலும்,
உன் கூடப் பிறக்காத அக்கா,
கமலா